வெயிலும் வராது, மழையும் விழாது: அங்கே என்ன செடி வைப்பது?

தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகையான இடத்தைப் பற்றியே பேசுகின்றன. மரத்தடி, மதிலோரம், வீட்டின் வடக்குச் சந்து என்று பெயர்தான் மாறுகிறது. வெயில் படாமலும், மழை பெய்தாலும் சரியாக நனையாமலும் கிடக்கும் தரை என்பது எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிறது. நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்குச் செடி சொல்வது எளிது. நிழலும் வறட்சியும் ஒன்றாக உள்ள இடத்துக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டின் முன்புறத்தில் 40 வயதான வேப்பமரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே ரோஜா, செம்பருத்தி, நித்தியகல்யாணி என்று மூன்று ஆண்டுகளாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டோம்; எதுவும் நிலைக்கவில்லை. வேம்பின் கசப்பு மண்ணில் இறங்கிவிட்டால் வேறு செடி வராது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மரத்தையே எடுத்துவிடலாமா என்று என் கணவர் கேட்கிறார். (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: மரத்தை எடுக்க வேண்டாம், அம்மா. 40 ஆண்டு வேம்பின் நிழலை இனி எந்தச் செலவு செய்தும் உங்களால் திரும்பப் பெற முடியாது. கசப்புதான் காரணம் என்றால், ஊர்ப்புறங்களில் வேப்பமரங்களின் அடியிலேயே ஆடாதொடையும் பிரண்டையும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தழைத்துக் கிடப்பதை நாம் பார்க்க முடியாது.

உண்மையான காரணம் தண்ணீர். சிறு தூறல் விழும்போது முதல் சில மில்லிமீட்டர் மழை இலைகளிலும் கிளைகளிலுமே தங்கி, தரையைத் தொடாமல் ஆவியாகிவிடுகிறது. உங்கள் ஊரில் தெரு நனைந்து மண் வாசனை எழும் நாளில்கூட மரத்தடிக்குச் சென்று விரலால் கீறிப் பாருங்கள். மேல்மண் புழுதியாகவே இருக்கும். கனமழையில் இறங்கும் நீரையும் மரம் விட்டுவைப்பதில்லை. உணவும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒன்று அல்லது இரண்டு அடிக்குள்ளேயே இருக்கிறது. அவை கிளைகளின் பரப்பையும் தாண்டி வெளியே ஓடியிருக்கும். நீங்கள் ரோஜாவுக்காக ஆழமாகக் குழி எடுத்து, எருவும் செம்மண்ணும் கலந்து நிரப்பி, தினமும் நீர் ஊற்றியபோது, அந்தக் குழி மரத்துக்குப் பரிமாறிய விருந்தாகிவிட்டது. பட்டுப்போன ரோஜாவைப் பிடுங்கியபோது, குழி மண் முழுவதையும் நூல்போன்ற சிவந்த வேர்கள் பின்னிப் பிடித்திருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அவை ரோஜாவின் வேர்கள் அல்ல, வேம்பின் வேர்கள். இதற்கு மேல், நீங்கள் வைத்த மூன்றுமே ஐந்தாறு மணி நேர நேர்வெயில் கேட்கும் செடிகள். நீர் கிடைத்திருந்தாலும் அவை அங்கே பூத்திருக்க மாட்டா.

இப்படிப்பட்ட இடத்துக்கு எந்தச் செடி பொருந்தும் என்பதை நர்சரியில் தேடுவதற்கு முன் நம் கோயில் காடுகளில் தேட வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற இடங்களில், உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே மேலே மரக்கவிகை அடர்ந்து மூடியிருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மழை கிடையாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் கிடைப்பதைக் கொண்டு மீதி மாதங்களைக் கழிக்க வேண்டும். அப்படியிருந்தும் முழங்கால் உயரத்திலிருந்து ஆள் உயரம் வரை புதர்கள் பச்சையாகவே நிற்கின்றன. காயா, பாவட்டை, மருள், தண்ணீர்விட்டான் கொடி எல்லாம் அந்த வாழ்க்கைக்குப் பழகிய செடிகள். உங்கள் வேப்பமரத்தடி அவற்றுக்குப் புதிய இடமே அல்ல.

ஆகவே பின்வரிசையில் ஆடாதொடையையும் பாவட்டையையும் வையுங்கள். ஆடாதொடை குச்சி வைத்தாலே வேர்விடும், ஆடு மாடு வாய் வைக்காது, உதட்டில் ஊதாக் கீற்று ஓடிய வெள்ளைப் பூக்கள் கதிர்க் கதிராக வரும். ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் தழையும். வெட்டாமல் விட்டால் ஆளை விட உயர்ந்து, கீழே வெறும் தண்டாகிவிடும். பாவட்டை மெதுவாக வளரும். ஆனால் அதன் வெண்பூங்கொத்து மலரும் நாட்களில் பட்டாம்பூச்சிகள் வந்து மொய்க்கும். அவற்றுக்கு முன்னால் சித்திரமூலத்தை நடலாம். வெள்ளைப் பூவும், தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுத்த புல்லிவட்டமும் அதன் அடையாளம். அதன் வேர் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் காரம் உடையது; கர்ப்பிணிகள் உட்கொள்ளவே கூடாதது. எனவே அழகுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கைவைத்தியம் வேண்டாம். தரையை மூடுவதற்கு மருளுக்கு நிகர் எதுவும் இல்லை. வில்லுக்கு நாண் திரிக்கும் அளவுக்கு உறுதியான நாரை உடைய அந்தத் தடித்த இலை, நீரைத் தன்னுள்ளேயே சேமித்துக்கொள்ளும். மண்ணுக்கடியில் கிழங்கு ஓடி, நான்கைந்து ஆண்டுகளில் தானாகவே பரவிவிடும்.

பொறுமை உள்ளவராக இருந்தால் ஒரே ஒரு காயாச் செடியும் வையுங்கள். பளபளக்கும் இலையும், முதிர்ந்த கிளைகளை ஒட்டியே கொத்தாகப் பூக்கும் நீலப்பூவும் உடைய புதர் அது; திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்வது இந்தப் பூவை வைத்துத்தான். பூ காண ஆண்டுகள் பல ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாவட்டையும் காயாவும் அலங்காரச் செடி விற்கும் கடைகளில் அரிதாகவே கிடைக்கின்றன. வனத்துறை நாற்றங்கால்களிலும் நாட்டுக் கன்று வளர்ப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

நடும் முறை செடியைவிட முக்கியம். பெரிய குழி எடுக்கக் கூடாது. பெரிய செடியாகப் பார்த்து வாங்கினால் பெரிய குழி தேவைப்படும், அதற்காக வேரை வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே 4 அல்லது 5 அங்குலப் பையில் உள்ள சிறிய கன்றுகளையே வாங்குங்கள். மரத்தின் தூரிலிருந்து 3 அடி தள்ளி, கடப்பாரையால் மெல்லக் குத்தி, கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட வேர் இல்லாத இடமாகப் பார்த்து, கன்றின் மண்கட்டி உள்ளே போகும் அளவுக்கு மட்டும் தோண்டுங்கள். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ, முதல் நல்ல மழைக்குப் பின் நட்டால், கோடைக்கு முன் வேர் ஊன்ற நான்கு மாதம் கிடைக்கும். மாசியில் வேம்பு இலையுதிர்க்கும்போது மரத்தடியில் திடீரென்று வெயில் இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தச் சில வாரங்களில் இளங்கன்றுகளின் இலை கருகுவதைக் கண்டு பயந்து இடம் மாற்றிவிடாதீர்கள். உதிர்ந்த இலையை அள்ளி அவற்றின் அடியிலேயே பரப்பிவிட்டு, தண்ணீரை மட்டும் கூட்டிக் கொடுங்கள். தளிர் வந்து மரம் மூடியதும் செடிகள் தேறிவிடும்.

கேள்வி: வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் வடக்குப் பக்கம் 3 அடி அகலச் சந்து இருக்கிறது. சன்ஷேடு நீட்டியிருப்பதால் மழையும் அதிகம் விழாது. இட்லிப் பூச் செடி 6 வைத்தேன், இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உரம் போட்டும் பயனில்லை. (ஒரு வாசகர், தாம்பரம்)

பதில்: உங்கள் கடிதத்தில் புதுவீடு என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். நோயின் மூலம் அதில்தான் இருக்கிறது. வீடு கட்டி முடிக்கும்போது உடைந்த செங்கல், கலவைக் கழிவு, பூச்சுத் தூள் ஆகியவற்றை அப்படியே சந்தில் தள்ளி, மேலே நான்கு அங்குலம் செம்மண் போட்டு மூடிவிடுவது எங்கும் நடக்கிறது. சிமென்ட்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரத்தன்மை மண்ணில் ஏறிவிட்டால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இட்லிப் பூ, அதாவது வெட்சி, இதற்கு மிகவும் வருந்தும் செடி. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கிறது என்றால் காரணம் அதுவே. மேலும் மேலும் உரம் போட்டால் உப்புதான் கூடும்.

ஒரு கம்பியை எடுத்து மண்ணில் குத்திப் பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குள் கல்லில் மோதும் ஒலி கேட்டால், ஆள் வைத்து அந்த ஓர் அடியை அள்ளி வெளியேற்றிவிட்டு, தோட்ட மண், மட்கிய தொழு உரம், கொஞ்சம் தென்னைநார்க் கழிவு கலந்து நிரப்புவதே சரியான வழி. செலவு ஆகும்தான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும், செய்யாவிட்டால் ஆண்டுதோறும் செடி வாங்கிக்கொண்டே இருக்க நேரும். மண் மட்டம் வீட்டின் அடித்தளப் பூச்சுக்கு மேல் ஏறக் கூடாது. சுவரை ஒட்டி ஓர் அடியைச் செடியில்லாமல் விட்டு, அதில் ஜல்லி பரப்பிவிட்டால், சுவரில் ஈரம் ஏறுவதும் கறையான் ஏறுவதும் கண்ணில் படும்.

மதிலோரம் ஒன்றரை அடியில் பாம்புச் செடியை வரிசையாக வைக்கலாம். நிமிர்ந்து வளரும், பக்கவாட்டில் நடைபாதையை அடைக்காது, 15 நாள் தண்ணீர் இல்லாமல் போனாலும் தாங்கும். மஞ்சள் விளிம்பு உள்ள வகையைப் பெருக்க விரும்பினால் கிழங்கோடு பிரித்து நடுங்கள்; இலையைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும், ஆனால் விளிம்பின் மஞ்சள் போய் வெறும் பச்சையாகவே வரும். அதன் இடையிடையே இசட் இசட் செடியும் பொருந்தும். மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற அதன் கிழங்கில் நீர் சேமித்திருப்பதால் அதற்கு நாம் அதிகம் ஊற்றினால்தான் ஆபத்து. தரைக்கு, மேலே பச்சையும் அடியில் கருஞ்சிவப்புமாக இலை விடும் ரியோ நன்றாகப் படரும். இசட் இசட்டின் சாறும் ரியோவின் சாறும் சிலருக்கு அரிப்புத் தரும் என்பதால், வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் இவற்றைத் தவிர்த்து, வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் செடியைத் தரைக்கு வையுங்கள்.

உங்கள் இட்லிப் பூச் செடிகளைத் தூக்கி எறிய வேண்டாம். புதிய மண்ணோடு தொட்டியில் மாற்றி, மொட்டை மாடியில் காலை வெயில் படும் இடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: எனக்குச் சாமிக்கும் தலைக்கும் பூ வேண்டும். ஆனால் வீட்டைச் சுற்றி நிழல்தான். மல்லிகை வைத்து இரண்டு ஆண்டாகிறது, கொடியாக நீண்டுகொண்டே போகிறது, மொட்டே இல்லை. (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மதுரையில் இருப்பவருக்கு மல்லிகை வைக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை எனக்கு வந்திருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மல்லிகை முழு வெயிலில் பூப்பது; நிழலில் அது வெயிலைத் தேடி நீளுமே தவிர மொட்டுக் கட்டாது. கவாத்து செய்தாலும், உரம் மாற்றினாலும் வெயில் இல்லாத குறை தீராது.

அரை நிழலில் பூத்துக் கொடுக்கும் செடிகள் நமக்குக் குறைவில்லை. முதலில் கனகாம்பரம். இது நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. காட்டில் மரநிழலில் வளர்ந்து பழகியது. இளவெயிலோ, இலைகளின் ஊடே சிதறி விழும் வெயிலோ இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் வறட்சியை மட்டும் அது அதிகம் பொறுக்காது. வாரம் இரண்டு முறையாவது ஊற்றுகிற கைக்கு எட்டும் இடத்தில், வாசற்படி ஓரத்தில் வையுங்கள். விதை எடுக்கும் வகைகளில், காய்ந்த கதிரின்மேல் நீர் பட்டவுடன் நெற்று சட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அடுத்த மழையில் கன்று தானாக முளைக்கும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காத வகை என்பதால் அதைத் தண்டுத் துண்டு வைத்துத்தான் பெருக்க வேண்டும். கனகாம்பரத்தின் வேரை, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு தாக்கினால் செடி காரணம் தெரியாமல் வாடும். வேரில் சிறு முடிச்சுகள் தெரிந்தால் செடியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓராண்டுக்கு மீண்டும் கனகாம்பரம் வைக்காதீர்கள். வேப்பம் பிண்ணாக்கை நடும்போதே மண்ணில் கலப்பது நல்லது.

வறட்சியையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்றால் டிசம்பர் பூ. வாடாமல்லி நிறத்திலும் வெள்ளையிலும் கோடு போட்ட வகையிலும் கிடைக்கிறது. மார்கழிக் காலையில் பறித்து நெருக்கமாகக் கட்டினால் சரம் மிக எடுப்பாக இருக்கும். அடர்நிழலில் பூ குறையும் என்பதால் நிழல் முடிந்து வெளிச்சம் தொடங்கும் ஓரத்தில் நட வேண்டும். பூ முடிந்ததும் தை மாதத்தில் ஒரு முழ உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். கோடை முழுவதும் கவனிக்காவிட்டாலும் ஆடி மழையில் தழைத்துவிடும்.

சாமிக்கு நந்தியாவட்டையும் பவழமல்லியும். நந்தியாவட்டை ஆண்டு முழுவதும் ஏதோ சில பூவாவது தரும். ஒற்றையைவிட அடுக்கு வகை நிழலில் சற்றுக் குறைவாகப் பூக்கிறது என்பது நான் கண்டது. விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று ஒரே இரவில் கிளையை மொட்டையாக்கினால் மருந்து அடிக்காதீர்கள். அது அழகான பெரிய அந்துப்பூச்சியாக மாறப்போகும் புழு. எடுத்து வேறு கிளையில் விட்டாலும் செடி தாங்கும். பவழமல்லிக்கு இடம் கொஞ்சம் அதிகம் வேண்டும், காலை வெயில் இருந்தால் நல்லது, கோடையில் இலை உதிர்க்கும். தரையில் உதிர்ந்த பூவையே பூசைக்கு எடுப்பது வழக்கம் என்பதால், அதன் கீழே வேறு செடி வைக்காமல் சாணம் தெளித்து மெழுகி வைத்துக்கொள்வதே பொருத்தம்.

கேள்வி: மாடிப்படி நிழலில் வைத்த குரோட்டன் செடிகளின் சிவப்பும் மஞ்சளும் போய்ப் பச்சையாகிவிட்டன. என்ன சத்துக் குறைவு? (ஒரு வாசகி, விருத்தாசலம்)

பதில்: சத்துக் குறைவு இல்லை, வெளிச்சக் குறைவு. குரோட்டனின் நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. வெயில் குறையும்போது அது பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறது. தினமும் மூன்று மணி நேரமாவது வெயில் படும் இடத்துக்கு, இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பழைய இலை நிறம் மாறாது, புதிய தளிர் நிறத்தோடு வரும்.

கேள்வி: செடி அடர்ந்தால் பாம்பு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் எதுவும் வைக்க விடுவதில்லை. பாம்புச் செடி என்ற பெயரைக் கேட்டே அம்மா பயப்படுகிறார். (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அந்தப் பெயர் இலையில் உள்ள வரிகளைப் பார்த்து வைத்தது. பாம்பை அழைக்கும் குணம் எதுவும் அதற்கு இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் பெரியவர்களின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பாம்பு செடிக்காக வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும் வருகிறது, ஒளிய இடம் இருந்தால் தங்குகிறது. அடுக்கி வைத்த பழைய செங்கல், தேங்காய் மட்டைக் குவியல், திறந்து கிடக்கும் சாப்பாட்டு மிச்சம், எலி வளை ஆகியவை இல்லாத வீட்டில், செடிகளால் மட்டும் ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை. புதர்களின் அடிக்கிளைகளை ஓர் அடி உயரத்துக்குக் கழித்துவிட்டால் தரை கண்ணுக்குத் தெரியும். நடைபாதையின் இருபுறமும் ஓர் அடிக்குத் தரைப்படர் செடி வேண்டாம். மருள், ரியோ போன்ற அடர்ந்த செடிகளை வாசலுக்குத் தள்ளியே வையுங்கள், இரவில் விளக்கில்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். சிறியாநங்கை வைத்தால் பாம்பு அண்டாது என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். மூலிகையாக வையுங்கள், காவலாக எண்ணி மற்ற எச்சரிக்கைகளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாமரத்தின் தூரைச் சுற்றி இரண்டு அடி உயரத்துக்கு வட்டமாகக் கல் கட்டி, மண் நிரப்பிச் செடி வைக்கலாம் என்று தோட்டம் அமைப்பவர் சொல்கிறார். பார்க்க அழகாக இருக்கும் என்கிறார். செய்யலாமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். மரத்தின் அடித்தண்டுப் பட்டை காற்றில் இருக்க வேண்டியது. மண்ணுக்குள் இருக்க வேண்டியது அல்ல. இரண்டு அடி மண்ணை அதன்மேல் ஏற்றி, அதற்கு நாள்தோறும் நீரும் ஊற்றினால் பட்டை அழுகத் தொடங்கும். கீழே உள்ள வேர்களுக்கும் காற்று குறையும். கேடு உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய தொல்லை. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளை காயும்போது, யாருக்கும் இந்தக் கல்கட்டு நினைவுக்கு வராது. மட்கிய உரத்தை 2 அங்குலத்துக்கு மேல் போகாமல், தூரை விட்டு விலக்கிப் பரப்புவது வரை செய்யலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மாமரத்தடியில் அழகு வேண்டும் என்றால் தொட்டிகளில் வையுங்கள். ஆனால் தொட்டியை வெறும் தரையில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டு மாமரத்தடியில் பெரிய சிமென்ட் தொட்டி ஒன்றில் நந்தியாவட்டை வைத்திருந்தேன். இரண்டு ஆண்டு நன்றாக இருந்த செடி எவ்வளவு ஊற்றினாலும் வாடத் தொடங்கியது. இடம் மாற்றலாம் என்று இரண்டு பேர் சேர்ந்து தூக்கியபோது தொட்டி அசையவே இல்லை. அடித்துளை வழியாக மாமரத்தின் வேர் சுண்டுவிரல் பருமனில் உள்ளே ஏறி, தொட்டி மண் முழுவதையும் பிடித்திருந்தது. ரம்பத்தால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அன்றிலிருந்து மூன்று செங்கல் வைத்து அதன்மேல்தான் தொட்டியை நிறுத்துகிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 71. தனியாக இருக்கிறேன். பின்கட்டில் புளியமரமும் அதன் கீழே வெறும் தரையும். குடம் தூக்கித் தினமும் ஊற்ற முடியாது. மாதத்தில் பத்து நாள் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். இந்த நிலையில் செடி வைக்க ஆசைப்படலாமா? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: தாராளமாக ஆசைப்படலாம், அம்மா. பத்துச் செடிக்கு மேல் வேண்டாம் என்பது மட்டுமே நான் விதிக்கும் எல்லை. நான்கு மருள், இரண்டு ஆடாதொடை, ஒரு தண்ணீர்விட்டான் கொடி, மூன்று டிசம்பர் பூ. தண்ணீர்விட்டானின் வேர்க்கிழங்குகள் கொத்தாகத் திரண்டு நீரைச் சேமித்து வைக்கும். அதன் ஊசிபோன்ற மெல்லிலைகளின் நடுவே சிறு வெண்பூக்கள் மணத்தோடு பூக்கும். தண்டில் முள் உண்டு என்பதால் நீங்கள் நடமாடும் வழியை விட்டுத் தள்ளி, புளியின் அடிமரத்திலோ மதிலிலோ ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

நீருக்கு நம் பழைய முறையான பானைப் பாசனமே உங்களுக்குப் பொருத்தம். வாய் குறுகிய, மெருகு ஏற்றாத, சாதாரண மண்பானை 5 லிட்டர் கொள்ளளவில் நான்கு வாங்கி, இரண்டு மூன்று செடிகளுக்கு நடுவே ஒன்றாக, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைக்கச் சொல்லுங்கள். நீரை நிரப்பி, கொசு முட்டையிடாதபடி மூடியால் மூடிவிட்டால், பானையின் சுவர் வழியாக ஈரம் கசிந்து வேருக்குப் போகும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும், காய்ந்தால் கூடும். ஒரு நிரப்பு மூன்று முதல் ஐந்து நாள் வரை தாங்கும். குடம் தூக்க வேண்டாம். குழாயிலிருந்து ஒரு ஹோஸ் போதும். புளியமரமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரையும் அரிசி, காய்கறி கழுவிய நீரையும் செடிகளின் அடியில் ஊற்றலாம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு அதிகம் என்பதால் அது வேண்டாம். பானைக்குள் ஊற்றுவது எப்போதும் நல்ல நீராகவே இருக்கட்டும். கலங்கல் நீர் பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

புளியிலையைப் பெருக்கி எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அதைச் செடிகளைச் சுற்றி 3 அங்குல கனத்தில் பரப்பி, தண்டை மட்டும் நான்கு விரல் விட்டு விலக்கி வைத்தால், ஊற்றிய நீர் இரண்டு மடங்கு நாள் நிற்பதை நீங்களே விரலால் தொட்டு உணர்வீர்கள். மகள் வீட்டுக்குப் போகும் அன்று காலையில் பானைகளை நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள். ஐப்பசியில் நட்டால் முதல் மூன்று மாதம் மழையே பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடையில்தான் கவனம் வேண்டும். பங்குனி முதல் கத்திரி முடியும் வரையில் நீங்கள் ஊருக்குப் போகும் பத்து நாளின் நடுவில் ஒருமுறை, பால்காரரிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சொல்லிப் பானையை நிரப்பச் செய்யுங்கள். மூன்றாம் கோடையில் மருளுக்கும் தண்ணீர்விட்டானுக்கும் பானை தேவைப்படாது. ஆனாலும் அதைத் தோண்டி எடுக்க வேண்டாம். அதற்குள் வேர்கள் கூடை பின்னியதுபோல அதைச் சுற்றியிருக்கும், எடுத்தால் அவை அறுந்துவிடும்.